வட்டி குறைந்ததை ஐயா சொல்லவில்லை

திருகோணமலையில் உளவளத்துணையாளராக வேலை செய்கிறேன். அறுபது தாண்டிய தம்பதிகள் காசுப் பிரச்சினை என்று சொல்லிக்கொண்டு வருவது குறைவு. நித்திரை வருவதில்லை, பிரஷர், மருமகளோடு ஒத்துவரவில்லை என்பார்கள். அரை மணித்தியாலம் பேசினால் காசு வெளியில் வரும்.

உப்புவெளிப் பக்கத்து ஐயாவும் அம்மாவும் அப்படித்தான் வந்தார்கள் (ஆளை அடையாளம் காணாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). முப்பது வருஷம் சம்பளத்தை அப்படியே அம்மாவின் கையில் கொடுத்து, கணக்கே கேட்காதவர் ஐயா. இப்போது தேங்காய் என்ன விலை, ஏன் இரண்டு வாங்கினீர் என்று குசினி வாசலில் நிற்கிறார். "பிள்ளை, நான் களவெடுத்த மாதிரிக் கேக்கிறார்" என்று சொல்லும்போது அம்மாவின் விரல்கள் சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்தன. மாதம் பத்தாயிரம் குறைகிறது, அதை ஐயா தன் தம்பிக்குக் கொடுக்கிறார் என்பது அம்மாவின் சந்தேகம். ஐயா வாயே திறக்கவில்லை.

அடுத்த முறை வங்கிக் காகிதங்களோடு வரச் சொன்னேன். 2023 தொடக்கத்தில் நிலையான வைப்புக்கு 20 வீதத்துக்கும் மேல் வட்டி கிடைத்தது. பத்து லட்சத்துக்கு மாதம் 16,000 ரூபாய்க்கு மேல் வரும். 2024இல் வட்டி ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிட்டது. 8 வீதம் என்றால் மாதம் 6,600 தான். அம்மா தேடிய பத்தாயிரம் போன வழி அதுதான். "குடும்பம் நடத்தத் தெரியாதவன் எண்டு நினைப்பா" என்றார் ஐயா, என்னைப் பார்த்து. அம்மாவுக்குக் கோபம் வந்தது, ஆனால் வேறு கோபம்: "முதலே சொல்லியிருந்தா நான் சமாளிச்சிருப்பனே!"

ஓய்வுக்குப் பிறகு வரும் காசுச் சண்டைகளில் பேராசையை நான் அதிகம் கண்டதில்லை, வெட்கத்தைத்தான் காண்கிறேன். அம்மாமாரும் மறைக்கிறார்கள். மகளுக்காகச் சங்கிலியை அடகு வைத்துவிட்டு, "கழுத்து கடிக்குது, கழட்டி வச்சிருக்கிறன்" என்று மாதக்கணக்கில் சமாளித்தவர்களும் உண்டு.

பென்சன் வந்த பிறகு ஒரு பின்னேரம், தேத்தண்ணியோடு, கொப்பியைத் திறந்து வைத்துக்கொண்டு இரண்டு பேரும் இருங்கள். "எவ்வளவு செலவழிச்சீர்?" என்று தொடங்கினால் அது விசாரணை. "எங்களிட்ட இப்ப எவ்வளவு இருக்கு?" என்று தொடங்குங்கள். சிறு தொகையென்றாலும் ஆளுக்குக் கொஞ்சம் கணக்குக் கேட்காத காசு இருக்கட்டும். பேரப்பிள்ளைக்கு ஐஸ்கிறீம் வாங்கவும் அனுமதி கேட்கும் நிலை ஒருவருக்கும் வேண்டாம். பிள்ளைகளை நடுவராக்க வேண்டாம், சண்டை அப்புறம் அவர்கள் வீட்டுக்கும் போய்விடும்.

காகிதங்களையும் அன்றே பாருங்கள். வட்டியில் 10 வீதம் வரி பிடிக்கிறார்கள். வருட வருமானம் 18 லட்சத்துக்குள் என்றால் வங்கியில் சுயபிரகடனப் படிவம் கொடுத்து அதைத் தவிர்க்கலாம். கணக்கு கூட்டுக் கணக்கா, ஒருவர் கையெழுத்து போதுமா என்று இருவருக்கும் தெரிய வேண்டும். அரசாங்க உத்தியோகம் என்றால் விதவைகள், தபுதாரர் (மனைவியை இழந்தவர்), அநாதைகள் ஓய்வூதிய இலக்கம் எங்கே இருக்கிறது என்று மற்றவருக்கும் காட்டுங்கள்.

அந்த அம்மா இப்போது கொப்பி எழுதுகிறார். தேங்காய் வாங்கப் போவது ஐயா.