பெட்டியில் 6400 என்று போட்டிருந்தால் படத்திலும் 6400 வந்துவிடாது

இந்த மாதத்தில் இப்படி என் லேபுக்கு வந்தவர்களில் இவர் மூன்றாவது ஆள். பென் டிரைவை மேசையில் வைத்துவிட்டு, "சார், புது ஸ்கேனர் வாங்கி நெகட்டிவை 6400 டிபிஐல எடுத்தேன். பெரிசு பண்ணினா மூஞ்சி கலங்குது, கொஞ்சம் சரி பண்ணிக் கொடுங்க" என்றார். கல்யாணப் படம், 11 ரோல். நெகட்டிவைக் கொண்டு வாருங்கள், இங்கேயே எடுத்துத் தருகிறேன் என்றேன். "அதான் ஸ்கேன் பண்ணியாச்சேன்னு போன வாரம் பழைய பேப்பர்காரர்கிட்ட..." என்று இழுத்தார்.

எத்தனை தடவைதான் சொல்வது? பெட்டியில் உள்ள 6400 டிபிஐ, ஓர் அங்குலத்துக்கு ஸ்கேனர் எத்தனை புள்ளி எழுதும் என்ற கணக்கு. அத்தனை புள்ளியிலும் தனித்தனி விவரம் இருக்கும் என்று யாரும் சத்தியம் செய்யவில்லை. அதை முடிவு செய்வது உள்ளே இருக்கும் லென்ஸும், ஃபிலிம் வளையாமல் சரியான உயரத்தில் படுத்திருக்கிறதா என்பதும்தான். என்னிடம் நுணுக்கக் கோடுகள் போட்ட கண்ணாடித் தகடு ஒன்று இருக்கிறது. அதை வைத்துச் சோதித்தால், 6400 என்று எழுதிய சாதாரண ப்ளாட்பெட் (கண்ணாடிமேல் வைத்து மூடி எடுக்கும் ஸ்கேனர்) 1600-ஐத் தாண்டுவதில்லை. 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு ஃப்ரேம் 36-க்கு 24 மி.மீ. 6400-ல் எடுத்தால் கிட்டத்தட்ட 5½ கோடி பிக்சல் வரும். சுருக்காமல் டிஃப் (TIFF) கோப்பாக வைத்தால் 160 எம்.பி.க்கு மேல். அதில் உள்ள சரக்கோ 30, 35 லட்சம் பிக்சல் அளவுதான். மற்றதெல்லாம் பாலில் ஊற்றிய தண்ணீர். ஹார்ட் டிஸ்க் நிரம்பும், மாப்பிள்ளையின் மீசை தெளியாது.

அப்போ எதை வாங்குவது? கையில் என்ன ஃபிலிம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். தாத்தாவின் அக்ஃபா க்ளிக் 3 கேமராவில் எடுத்த, 120 என்ற அகல ஃபிலிம் என்றால் அதே ப்ளாட்பெட் தாராளமாகப் போதும். நெகட்டிவே 6 செ.மீ. சதுரம், 1600-லேயே 1 கோடிக்கு மேல் பிக்சல் கிடைத்துவிடும். வெறும் 35 மி.மீ. என்றால் அதற்கென்றே வரும் ஃபிலிம் ஸ்கேனர் வாங்குங்கள். நல்ல கேமராவும், மிக அருகில் வைத்துப் படமெடுக்கும் மேக்ரோ லென்ஸும் இருந்தால், நெகட்டிவுக்கு அடியிலிருந்து வெளிச்சம் தரும் ஒரு லைட் பேட் மட்டும் போதும். நாலைந்து ரோல்தான் என்றால் எதுவும் வாங்காதீர்கள், லேபில் கொடுங்கள். (என் பிழைப்புக்காகச் சொல்லவில்லை.)

மூடியில் விளக்கு இல்லாத ஆபீஸ் ஸ்கேனரில் நெகட்டிவை வைத்துவிட்டு "கறுப்பா வருது" என்று தயவுசெய்து போன் செய்யாதீர்கள். பழைய கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்கு, தூசி நீக்கும் இன்ஃப்ராரெட் வசதியை அணைத்துவிடுங்கள். அந்த ஃபிலிமில் படமாக இருக்கும் வெள்ளியும் தூசியைப் போலவே இன்ஃப்ராரெட்டை மறிக்கும். ஸ்கேனர் பாட்டியின் புருவத்தையே தூசி என்று நினைத்துத் துடைத்துவிடும். தூசியைக் கையால் அமுக்கும் ரப்பர் ப்ளோயரால் ஊதுங்கள். சட்டை முனை, எச்சில், ஈரத்துணி எதுவும் கூடாது.

ஸ்கேன் முடிந்ததும் நெகட்டிவைப் பழையபடி உறையில் போட்டு, ஈரம் ஏறாத இடத்தில் வையுங்கள், புண்ணியமாகப் போகும். நம்மவர் அன்றைக்கே பேப்பர் கடைக்கு ஓடினார். இன்னும் போன் வரவில்லை.