வலை போட்டிருந்தேனே, டாக்டர்!

சில வாரங்களுக்கு முன் ஒரு நாள், என் கால்நடை மருத்துவமனைக் கதவைத் திறப்பதற்கு முன்பே ஒருவர் கூடையோடு வாசலில் காத்திருந்தார். கூடைக்குள் பழைய துணி போர்த்தியபடி இரண்டு பேட்டுக்கோழிகள் இருந்தன. கொல்லையில் அவர் வளர்த்த பதினான்கில் உயிரோடு மிஞ்சியவை அவை மட்டுமே. மற்ற பன்னிரண்டும் ஒரே இரவில் போய்விட்டன. அவற்றிலும் ஒன்றைத்தான் வந்த விலங்கு தூக்கிச் சென்றிருந்தது, மீதிப் பதினொன்றும் கூண்டுக்குள்ளேயே செத்துக் கிடந்தன. நான் எதுவும் கேட்பதற்கு முன்பே அவர் சொன்னார்: "சுற்றிலும் வலை போட்டிருந்தேனே, டாக்டர், மேலேகூட மூடியிருந்தேனே!" ஒரே மாதத்தில் அதே வாக்கியத்தோடு என்னிடம் வந்தவர்களில் அவர் நான்காமவர். அவரிடம் காட்ட முடியாமல் போன எரிச்சலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கைப்பேசியில் அவர் காட்டிய படத்தில் ஆறடி உயரக் கூண்டு, ஒழுகாத கூரை, இரண்டு தாழ்ப்பாள்கள் எல்லாமே ஒழுங்காக இருந்தன. பின்பக்க மூலையில், வலை மண்ணைத் தொடும் இடத்தில், ஒரு சாண் அகலத்துக்கு ஒரு பள்ளம் இருந்தது; தோண்டிய மண் வெளிப்பக்கமாக விசிறிக் கிடந்தது. வலையில் ஒரு கம்பிகூட அறுந்திருக்கவில்லை. வந்த விலங்குக்கு வலையோடு எந்த வேலையும் இருக்கவில்லை என்பதுதான் விஷயம். அது வலையின் கீழே நுழைந்து, கீழாகவே திரும்பிப் போயிருக்கிறது.

கோழி வலை என்று கடைகளில் கிடைக்கும் அறுகோணக் கண் வலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் என்னிடம் வரும் துயரங்களில் பாதி அந்தப் பெயரிலிருந்தே தொடங்குகிறது. இந்த வலையை இயந்திரத்தில் பின்னும் முறையை 1844-இல் இங்கிலாந்தின் நார்விச் நகரத்து இரும்பு வணிகர் சார்லஸ் பர்னார்டு உருவாக்கினார். துணி நெய்யும் தறிதான் அவருக்கு முன்மாதிரி. துணியைப் போல நெய்யப்பட்ட ஒன்றிடம் துணியின் வலிமைக்குச் சற்று மேலான வலிமையை மட்டுமே எதிர்பார்க்க வேண்டும். கோழி வலை என்பது கோழியை உள்ளே நிறுத்தி வைக்கும் வலை. கோழியைத் தின்ன வருவதை வெளியே நிறுத்தி வைக்கும் வலை அன்று. கோழி அலகால் கொத்தும், அவ்வளவுதான். நாயோ நரியோ பல்லால் கவ்வி, முழு உடல் எடையையும் போட்டு இழுக்கும். கோழி வலையின் கம்பி பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் மெல்லியது. ஒரு முறுக்கு அறுந்தால் பக்கத்து முறுக்குகளும் தளர்ந்துகொண்டே போகும். கண்கள் ஓர் அங்குலமோ அதற்கு மேலோ இருக்கும் என்பதால் இளம் எலிகளும் பாம்புகளும் தாராளமாக நுழைந்துவிடும். ஈரமண்ணில் புதைத்தால் சில ஆண்டுகளில் துருப்பிடித்து, கையால் கிள்ளினாலே உதிரும். இவ்வளவையும் சொன்ன பிறகு, "அப்படியானால் இரண்டு சுற்றுப் போட்டுவிடட்டுமா?" என்று கேட்பவர்களும் உண்டு. வேண்டாம். மெல்லிய வலையை இரண்டு சுற்றுப் போட்டாலும் அதன் கீழே இருக்கும் மண் அதே மண்தான்.

தேவைப்படுவது சந்திகளில் பற்றவைத்து, துத்தநாகம் பூசிய சதுரக் கண் கம்பி வலை, அதாவது வெல்டு மெஷ். கண் அளவு அரை அங்குலத்தை, ஏறத்தாழ 12 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது. கம்பியின் தடிமன் குறைந்தது ஒரு மில்லிமீட்டர் இருக்க வேண்டும், நாய்த்தொல்லை உள்ள இடமாக இருந்தால் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் இருப்பது நல்லது. கூண்டு முழுவதற்கும் இதைப் போட முடியாதவர்கள், தரையிலிருந்து மூன்றடி உயரம் வரையாவது போடுங்கள்.

இனி அந்தப் பதினொரு கோழிகள். தின்னாமல் கொன்று போட்டிருப்பதைப் பார்த்தவுடன் பலருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் மீது சந்தேகம் வருகிறது. சிலர் நோய் என்று நினைத்து, செத்த கோழியைப் பரிசோதனைக்குக் கொண்டுவருகிறார்கள். இரண்டும் இல்லை. இருட்டிய பின் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. அது ஓடாது, உட்கார்ந்த இடத்திலேயே படபடக்கும். தப்ப வழியில்லாத இடத்தில் படபடக்கும் இரை முன்னால் இருக்கும்வரை, வேட்டை விலங்கின் கவ்வும் உந்துதல் ஓய்வதில்லை. விலங்கியலாளர் ஹன்ஸ் க்ரூக் 1972-இல் வெளியிட்ட ஆய்வில், இருண்ட இரவுகளில் தரையில் கூடமர்ந்திருந்த கடற்காகங்களை நரிகள் தம் தேவைக்கு மிக அதிகமாகக் கொன்றதைப் பதிவு செய்திருக்கிறார். திறந்தவெளியிலேயே அப்படி என்றால், நான்கு பக்கமும் அடைத்த கூண்டுக்குள் கேட்கவே வேண்டாம். எனவே அடைத்து வைத்துவிட்டு அடியை அடைக்காமல் விடுவது, அடைக்காமலே விடுவதைவிட மோசமானது.

வந்தது எது என்பதைத் தடயத்தை வைத்து ஓரளவு சொல்லிவிடலாம். உடல் முழுவதும் கிழிபட்டு, தின்னப்படாமல் ஆங்காங்கே கிடந்தால் பெரும்பாலும் நாய். கோழி முழுதாகக் காணாமல் போய், இறகு மட்டும் ஒரு பக்கமாக இழுபட்டுக் கிடந்தால் நரியை நினைக்கலாம். கழுத்திலும் தலையிலும் மட்டும் கடி இருந்தால் கீரி போன்ற சிறு ஊனுண்ணிகள். குஞ்சுகள் ஒன்றிரண்டாகக் குறைந்து, முட்டையும் மறைந்து, கூண்டோரத்தில் குவிந்த மண்ணோடு வளைகள் தென்பட்டால் எலியோ பெருச்சாளியோதான். நிச்சயப்படுத்திக்கொள்ள விரும்புகிறவர்கள் மாலையில் கூண்டைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்குச் சலித்த மணலைத் தூவி வைத்தால், காலையில் காலடித்தடம் கிடைக்கும். தொழில்முறையில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: தடயத்தை மட்டும் பார்த்து நான் சொன்ன முடிவுகள் சில வேளைகளில் தவறியிருக்கின்றன. ஆனால் தோண்டி வரும் எல்லா விலங்குகளுக்கும் தடுப்பு ஒன்றே என்பதால் அந்தத் தவறுகளால் யாருக்கும் நட்டமில்லை.

அந்தத் தடுப்பைக் கேட்டால் பலரும் நம்ப மறுக்கிறார்கள். "எத்தனை அடி ஆழம் தோண்டிப் புதைக்க வேண்டும்?" என்பதுதான் எல்லோருடைய முதல் கேள்வியும். ஆழமாகப் புதைப்பதும் ஒரு வழிதான். ஓரடி முதல் ஒன்றரை அடி வரை வாய்க்கால் எடுத்து, வலையைச் செங்குத்தாக இறக்கி மண் தள்ளலாம். கல்லும் வேரும் நிறைந்த நிலத்தில் அது முதுகை ஒடிக்கும் வேலை. மண்ணுக்குள் வலை துருப்பிடித்ததும் கண்ணுக்குத் தெரியாது. நான் எப்போதும் சொல்வது, வலையைத் தரையில் படுக்கப் போடுவது. கூண்டின் அடியோடு இணைத்த வலையை வெளிப்பக்கமாக மடித்து, பாவாடைக் கரை போல ஒன்றரை முதல் இரண்டடி வரை தரைமேல் விரித்து, புல்லைச் செதுக்கி இரண்டு விரற்கடை மண்ணை மட்டும் அதன்மேல் மூடிவிட வேண்டும்.

இது எப்படி வேலை செய்கிறது என்பதை ஒரு முறை நேரில் பார்த்திருக்கிறேன். இப்படி வலை விரித்திருந்த ஒரு வீட்டில், தெருநாய் ஒன்று கூண்டுச் சுவரை ஒட்டி மோப்பம் பிடித்துக்கொண்டே வந்து, சுவரும் மண்ணும் சேரும் கோட்டில் முன்கால்களால் பரபரவென்று தோண்டத் தொடங்கியது. மேல்மண் பறந்ததும் நகம் கம்பியில் பட்டுக் கிறீச்சிட்டது. நிறுத்தி மோந்து பார்த்தது, ஒரு முழம் தள்ளிப்போய், மறுபடியும் சுவரை ஒட்டியே தோண்டியது, அங்கும் கம்பி. நான்காவது இடத்தில் சலித்துப்போய்ச் சென்றுவிட்டது. இரண்டடி பின்னால் நகர்ந்து அங்கிருந்து சுரங்கம் வெட்டலாம் என்ற கணக்கு அதற்குத் தோன்றவே இல்லை. தடை எங்கே இருக்கிறதோ அங்கேயே தோண்டுவது இவற்றின் இயல்பு. நாம் அந்த இடத்தில் வலையைப் போட்டு வைக்கிறோம், அவ்வளவுதான்.

விரித்த வலையின் வெளிவிளிம்பு எங்கும் தூக்கிக்கொண்டு நிற்கக் கூடாது. ஓரடிக்கு ஒன்றாக வளைத்த கம்பி முளைகளை அடித்துவிடுங்கள், அல்லது விளிம்பின்மேல் கனமான கற்களை நெருக்கமாக அடுக்குங்கள். புல் வளர்ந்து வலையைப் பின்னிக்கொண்டால் பிறகு உங்களாலேயே அதைப் பிரிக்க முடியாது. மூலைகளில் வலையை வெட்டி இடைவெளி விட்டுவிடுவது வழக்கமான தவறு; தோண்டும் விலங்குகளுக்கு மூலைதான் மிகப் பிடித்த இடம் என்பதால், அங்கே தனித்துண்டு ஒன்றை மேலே பரப்பி, இரண்டு பக்கமும் அரையடி ஏறிப் படியுமாறு கட்டுக்கம்பியால் தையுங்கள். சட்டத்தில் வலையைப் பிடிக்க வெறும் ஆணியும் ஸ்டேப்பிளும் போதாது, இழுத்தால் கழன்றுவிடும். திருகாணியும் அகலமான வாஷரும் போடுங்கள்.

கதவின் கீழ்ப்பகுதியைப் பற்றி நான் கேட்கும்போது எல்லோரும் விழிக்கிறார்கள். மூன்று பக்கமும் கோட்டையாகக் கட்டிவிட்டு, நடந்து நடந்து மண் தேய்ந்துபோன வாசலில் நான்கு விரல் இடைவெளியை விட்டுவைத்தால் என்ன பயன்? வாசலுக்கு ஒரு கல்லையோ சிமெண்டுப் படியையோ பதித்து, கதவுக்கும் படிக்கும் இடையே ஒரு விரல்கூட நுழையாதபடி செய்யுங்கள்.

தரை முழுவதையும் சிமெண்டால் பூசிவிட்டவர்களுக்கு இந்தக் கவலைகளில் பெரும்பகுதி இல்லை. ஆழ்கூளத்தை, அதாவது உமி, மரத்தூள் போன்றவற்றின் தடித்த படுகையை மட்டும் மறக்காமல் பரப்புங்கள், வெறும் சிமெண்டிலும் வெறும் கம்பித்தரையிலும் நிற்கும் கோழிக்கு உள்ளங்கால் புண்பட்டு வீங்கும். கால்வைத்த மரக்கூண்டு என்றால் தரைக்கும் அடிப்பலகைக்கும் இடையே ஓரடி வெளிச்சம் தெரிய வேண்டும். இருண்ட தாழ்வான இடைவெளி எலிக்குக் கட்டிக்கொடுத்த வீடு.

எலியை யாரும் எதிரியாகவே எண்ணுவதில்லை என்பது என் நீண்டநாள் வருத்தம். சிந்திய தீவனத்துக்கு எலி வருகிறது, எலி வளை தோண்டுகிறது, அந்த எலியைத் தேடிப் பாம்பும் கீரியும் வருகின்றன, வந்த இடத்தில் கோழி இருக்கிறது. எலி தோண்டிய வளையைக் கீரி அகலப்படுத்திக்கொண்டால் பாதி வேலை அதற்கு மிச்சம். இரவில் தீவனத் தொட்டியை உள்ளே விட்டு வைக்காதீர்கள். மூட்டையாகவும் வைக்காதீர்கள், மூடியுள்ள தகர டப்பாவில் போட்டு வையுங்கள்.

விஷம் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் கடுமையாகவே இருக்கும். எலிவிஷ உருண்டையைக் கோழியும் கொத்தும். விஷம் தின்ற எலி உடனே சாவதில்லை. இரத்தம் உறையவிடாத வகை மருந்தானால் நாள்கணக்கில் தள்ளாடித் திரியும், அதைத் தின்னும் ஆந்தையும் பூனையும் உங்கள் வீட்டு நாயும் சேர்ந்து பாதிக்கப்படும். அந்த நாயைத் தூக்கிக்கொண்டும் என்னிடம்தான் வருகிறீர்கள். நரியையோ கீரியையோ கொல்வது இந்தியாவில் சட்டப்படி குற்றம். கொன்றாலும் காலியான அந்த இடத்துக்கு இன்னொன்று வந்து சேரும். வீட்டு மின்சாரத்தை நேராக வேலிக்கம்பியில் கொடுக்கிறவர்களைப் பற்றி ஒன்றே சொல்வேன்: அதில் முதலில் சாவது உங்கள் வீட்டுக் குழந்தையாக இருக்கக்கூடும். மின்வேலி வேண்டுமானால் நொடிக்கு ஒரு முறை மிகச் சிறு நேரம் மட்டும் அதிர்ச்சி தரும் அதற்கென்றே உள்ள கருவியை, தெரிந்தவரைக் கொண்டு பொருத்துங்கள்.

ஒரு முறை வந்த விலங்கு மறுநாளும் வரும். செத்த கோழிகளை அன்றே ஆழமாகப் புதைத்துவிட்டு, பள்ளத்தைக் கல்லால் அடைத்து, மிஞ்சியவற்றை வேறிடத்தில் அடையுங்கள். "இனி வராது" என்று காத்திருந்து, மறுநாள் வெறுங்கூடையோடு வந்தவர்களும் உண்டு. அந்த விலங்கைப் பிடிக்கப்போய் அது உங்களைக் கடித்திருந்தால், காயத்தைச் சோப்பும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, கோழியை என்னிடம் கொண்டுவருவதற்கு முன் நீங்கள் மருத்துவரிடம் வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்குச் செல்லுங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். "இது தப்பித்துவிட்டது, ஒன்றும் ஆகவில்லை" என்று நீங்கள் நினைக்கும் கோழியையும் தயவுசெய்து கொண்டுவாருங்கள். கூடையோடு வந்தவர் ஒன்றை மட்டும்தான் மேசையில் வைத்தார், ஏனென்றால் அதன் முதுகுத்தோல் கிழிந்து தொங்கியது. மற்றது கூடைக்குள் நின்று தானியம் பொறுக்கிக்கொண்டிருந்தது. அதையும் எடுத்து, இறக்கையைத் தூக்கி, இறகுகளை ஈரப்பஞ்சால் நனைத்து விலக்கிப் பார்த்தபோது, தோலில் கடுகளவில் இரண்டு துளைகள், ஒரு விரல் இடைவெளியில். சுற்றிலும் தோல் உப்பி, அழுத்தினால் நொறுநொறுவென்றது. பல், நுரையீரலோடு இணைந்த காற்றுப்பை வரை இறங்கியிருந்தது. இறகு மூடிய இத்தகைய துளைகள் வெளியே காய்ந்து, உள்ளே சீழ்வைத்து, இரண்டு மூன்று நாளில் கோழியைக் கொன்றுவிடும். மனிதருக்கான மரத்துப்போகும் களிம்பை அதில் தடவாதீர்கள், பறவைக்கு அது நஞ்சாகலாம். சுத்தமான உப்புநீரால் கழுவி, மற்றக் கோழிகள் கொத்தாதபடி தனியே இருட்டும் வெதுவெதுப்புமான பெட்டியில் வைத்து, ஈ மொய்ப்பதற்கு முன் கொண்டுவாருங்கள்.

தோல் கிழிந்த கோழிக்குத் தையல் போட்டேன். பத்தாம் நாள் தையல் பிரித்து அனுப்பினேன். தானியம் பொறுக்கிய கோழிதான் மூன்று வாரம் என் சிகிச்சையில் இருந்தது.