கழுத்துக்குக் கரண்ட் வைத்தவர்களா? தைராய்டையும் பாருங்கள்

முக்கூடல் பக்கத்து அம்மா ஒருவர். வெற்றிலையோடு புகையிலையும் போட்டு, கன்னத்தில் புற்றுநோய். ஆபரேஷன் முடிந்து கழுத்துக்கும் சேர்த்து 30 நாள் கரண்ட் வைத்தோம். கதிர்வீச்சுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர். ஒன்றரை வருடம் கழித்து, சித்திரை வெயிலில், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"ஃபேன அமத்துங்கய்யா, குளுருது."

நாளுக்கு எழுநூறு பீடி சுற்றியவருக்கு இப்போது முந்நூறே ஓடவில்லையாம். நோய் திரும்பிவிட்டதோ என்று மகனுக்குப் பயம். டி.எஸ்.எச். பார்த்தோம். தைராய்டு குறைந்தால் ரத்தத்தில் ஏறும் ஹார்மோன் அது. 38 இருந்தது. நாலு, நாலரைக்குள் இருக்க வேண்டியது.

அன்று சாயங்காலம் அவருடைய பழைய பிளானிங் சி.டி.யை, அதாவது கரண்ட் எங்கே எவ்வளவு என்று திட்டமிட எடுத்த ஸ்கேனைத் திறந்தேன். எந்த உறுப்புக்கு எவ்வளவு டோஸ் போகிறது என்று பார்க்க, தண்டுவடம், உமிழ்நீர்ச் சுரப்பி எல்லாவற்றையும் சுற்றிக் கோடு போட்டிருக்கிறோம். தைராய்டுக்கு மட்டும் கோடே இல்லை. அடியில் என் கையெழுத்து.

அன்றைக்கே வரைந்திருந்தால் தெரிந்திருக்கும். தைராய்டில் அயோடின் இருப்பதால், மருந்து ஏற்றாத சி.டி.யில் அது பக்கத்துத் தசையைவிட வெள்ளையாகத் தெரியும். ஸ்கேனின் வெண்மை அளவில் தசை அறுபது என்றால் இது நூறை ஒட்டி. மங்கலாக இருந்தால் சுரப்பி ஏற்கெனவே நலிந்திருக்கலாம். அளவும் முக்கியம். சின்னச் சுரப்பிக்குத் தாக்குப்பிடிக்கும் சக்தி குறைவு. அவருடையது 8 மில்லிலிட்டர்தான். அது வாங்கிய சராசரி டோஸோ 50 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு). 45-ஐத் தாண்டினாலே கவலைப்பட வேண்டும். பக்கத்திலேயே புற்று பரவிய நெறிகட்டி இருந்தால் டோஸைக் குறைக்கவும் வழியில்லை, ஆனால் யாரைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்பதாவது முன்கூட்டியே தெரியும்.

ஸ்கேன் படத்தின் நுணுக்கங்களைக் கணினியிடம் கொடுத்து, யாருக்குத் தைராய்டு குறையும் என்று கணிக்கும் ஆராய்ச்சிகளும் நடக்கின்றன. நல்லதுதான். அதற்காக ரத்தப் பரிசோதனையை விட்டுவிட முடியாது. கழுத்தில் கதிர்வீச்சு பெற்றவர்களில் ஐந்தில் ஒருவர் முதல் இருவரில் ஒருவர் வரை இந்தக் குறைபாட்டுக்கு ஆளாகிறார்கள். பல வருடம் கழித்தும் வரும்.

ஆறு மாதம் அல்லது வருடத்துக்கு ஒருமுறை டி.எஸ்.எச். பாருங்கள். அசதி, மலச்சிக்கல், குரல் கரகரப்பு என்று உள்ளூர் டாக்டரிடம் போனால், கழுத்துக்குக் கரண்ட் வைத்ததை முதலில் சொல்லிவிடுங்கள். மூன்று வருடம் ஆகிவிட்டதே என்று நிறையப் பேர் சொல்வதே இல்லை.

அந்த அம்மாவுக்கு மாத்திரை எழுதினேன். காலையில் வெறும் வயிற்றில், தண்ணீரோடு.

"கருப்பட்டிக் காப்பி?"

"அரை மணி நேரம் கழிச்சுக் குடிங்கம்மா."