கேஸ் டிரையர் சுற்றுகிறது, துணி மட்டும் காயவில்லையா?

டிரம் சுற்றும், காற்றும் வரும், சூடு மட்டும் இருக்காது. கேஸ் டிரையரில் அடிக்கடி வரும் புகார் இது. பலரும் உடனே கேஸைப் பற்றவைக்கும் பாகமான இக்னைட்டரைப் புதிதாக வாங்கி மாட்டிவிடுகிறார்கள். பல சமயம் பழுது அங்கே இருப்பதில்லை. பர்னரை ஒன்றரை நிமிடம் பொறுமையாகக் கவனித்தாலே எந்தப் பாகம் கெட்டது என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

அதற்கு முன் இரண்டு எளிய விஷயங்கள். சூடில்லாமல் காற்று மட்டும் வரும் சுற்றில் வைத்திருக்கிறீர்களா? கேஸ் வால்வின் பிடி குழாயின் போக்கிலேயே இருக்கிறதா? குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது. கேஸ் வாடை வந்தால் சோதனையே வேண்டாம்: எந்த ஸ்விட்சையும் போடாமல், அணைக்காமல் வெளியே போய் கேஸ் நிறுவனத்தை அழையுங்கள்.

பர்னர் பெரும்பாலான மாடல்களில் கீழ்ப்பகுதியில் இருக்கும். மோட்டார் வேகம் பிடித்ததும் இக்னைட்டர் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். அந்தச் சூடு பட்டதும் பக்கத்தில் உள்ள ஃபிளேம் சென்சார் தன் இணைப்பைத் திறக்கும். உடனே பர்னருக்குக் கேஸ் விடும் உள்வால்வின் இரண்டாவது காயிலுக்கு (வால்வைத் திறக்கும் மின்சுருள்) மின்சாரம் போய், கேஸ் வந்து பற்றிக்கொள்ளும், இக்னைட்டர் அணையும். இந்த வரிசை எங்கே நிற்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

இக்னைட்டர் ஒளிர்ந்து, அணைந்து, தீ வராவிட்டால் காயில்கள் கெட்டிருக்கின்றன. முதல் பத்து நிமிடம் நன்றாக எரிந்து அப்புறம் சூடே வராமல் போவதும் இதே பழுதுதான். காயில் சூடேறியதும் வலுவிழக்கும். அதனால் ஆறிய நிலையில் மின்தடையை அளக்கும் மல்டிமீட்டர் சரியான அளவைக் காட்டினாலும் நம்ப முடியாது. இரண்டு காயில்களையும் சேர்த்தே மாற்றுங்கள். உள்வால்வின் மேல் உள்ள பட்டையைக் கழற்றினால் அவை கையோடு வந்துவிடும். கேஸ் பாதையைத் திறக்க வேண்டியதில்லை. உள்வால்வே கெட்டிருந்தால் அது வீட்டில் செய்யும் வேலை அல்ல.

இக்னைட்டர் அணையாமல் ஒளிர்ந்துகொண்டே இருந்தால் சென்சார் திறக்க மறுக்கிறது, அதை மாற்றுங்கள்.

ஒளிரவே இல்லையென்றால் பிளக்கைப் பிடுங்கி, குழாயில் உள்ள கேஸ் வால்வை மூடிவிட்டு, இக்னைட்டர், சென்சார், தெர்மல் ஃபியூஸ் (சூடு மிஞ்சினால் அறுந்துபோகும் பாதுகாப்புப் பாகம்), சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் நான்கையும் ஒயரைக் கழற்றி அளக்க வேண்டும். கார்பைடு வகை இக்னைட்டர் சுமார் 50 முதல் 400 ஓம் வரை காட்டும். மற்ற மூன்றும் ஆறிய நிலையில் பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். புது இக்னைட்டரின் ஒளிரும் பகுதியை விரலால் தொடாதீர்கள். கை எண்ணெய் பட்டால் ஆயுள் குறையும். லேசாகத் தட்டினாலும் உடைந்துவிடும்.

இனி தெர்மல் ஃபியூஸ். இங்கேதான் ஆபத்தான தவறு நடக்கிறது. பல மாடல்களில் அது சுமார் 90 டிகிரி செல்சியஸில் அறுந்துபோகும், மறுபடி இணையாது. இரண்டு ஒயரையும் முறுக்கி நேராக இணைத்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். தீயைத் தடுக்க இருக்கும் பாகத்தையே எடுத்துவிடும் வேலை அது. ஃபியூஸ் சும்மா போவதில்லை. காற்று வெளியேற முடியாமல் உள்ளே சூடு தேங்குவதுதான் வழக்கமான காரணம். அதைச் சரிசெய்யாமல் மாட்டினால் புது ஃபியூஸும் போய்விடும்.

டிரையர் ஓடும்போது வெளிச்சுவருக்குப் போய்ப் பாருங்கள். காற்று வெளியேறும் குழாயின் மூடி நன்றாகத் திறந்து காற்று வேகமாக அடிக்க வேண்டும். தொய்வாக வந்தால் குழாயில் பஞ்சுத்தூசு அடைத்திருக்கிறது. முழுவதையும் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். பிளாஸ்டிக் குழாயோ மெல்லிய மடிப்புக் குழாயோ இருந்தால் 10 செ.மீ. விட்டமுள்ள வழுவழுப்பான உலோகக் குழாயாக மாற்றுங்கள். இணைப்புகளில் உள்ளே நீட்டும் ஸ்குரூ வேண்டாம், தூசு அதில்தான் சிக்கும். அலுமினிய டேப் போதும். குழாய் கழன்ற நிலையில் பர்னரை எரியவிடவே கூடாது. வெளியேறும் காற்றில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். அதற்கு வாடை கிடையாது.

தீ நீலமாக இருக்க வேண்டும். மஞ்சளாக, கரியோடு எரிந்தால் நிறுத்திவிடுங்கள். சிலிண்டர் கேஸுக்கும் குழாய் கேஸுக்கும் பர்னர் முனையின் துளை அளவு வேறு; மாறியிருக்கலாம். இதைத் தொழில்முறை ஆளிடம் விட்டுவிடுங்கள்.

வேலை முடிந்ததும் கேஸ் இணைப்பில் சோப்பு நீர் தடவி, குமிழி வருகிறதா என்று பாருங்கள். பிறகு ஈரத்துணி போட்டு ஓட்டுங்கள். தீ ஒருமுறை பற்றியதும், பர்னரை மறைக்கும் பேனலை மூடிவிட வேண்டாம். தீ தானாக அணைந்து, திரும்ப மூன்று முறையாவது பற்றுகிறதா என்று பாருங்கள். காயில் பழுது சூடான பிறகுதானே வெளிப்படும்!