காகம் பறக்கும் தூரமா, பெருவட்டத் தொலைவா?

இரண்டு ஊர்ப் பெயரைக் கொடுத்தால் விமானத் தூரம் சொல்லும் இணையதளங்களின் தமிழ்ப் பக்கங்களில் 'காகம் பறக்கும் தூரம்' என்று போடுகிறார்கள். அது 'ஆஸ் த க்ரோ ஃப்ளைஸ்' என்ற ஆங்கிலப் பேச்சுவழக்கின் அச்சு. நம் ஊரில் காகம் கரைந்தால் விருந்தாளி வருவார், அவ்வளவுதான். தூரத்துக்கு நம்மிடம் கூப்பிடு தூரம் இருந்தது, காதம் இருந்தது.

அங்கே சொல்ல வந்தது 'கிரேட் சர்க்கிள்' தூரம். ஓர் உருண்டையை அதன் மையம் வழியாக வெட்டினால் மேற்பரப்பில் கிடைப்பது பெருவட்டம். அதைவிடப் பெரிய வட்டம் அந்த உருண்டையில் கிடையாது. பூமியின் மேற்பரப்பில் இரண்டு ஊர்களுக்கு இடையே மிகக் குறுகிய வழி அந்தப் பெருவட்டத்தின் ஒரு துண்டுதான். நிலநடுக்கோடு பெருவட்டம், மற்ற அட்சக்கோடுகள் அல்ல. சொல்லும் பொருளும் பொருந்துகின்றன. அதனால் பெருவட்டத் தொலைவு.

காகத்தைக்கூட விட்டுவிடலாம். 'நேர்கோட்டுத் தூரம்' என்பதுதான் பெரிய கேடு. கொள்ளிடத்தின் இக்கரையில் நின்று அக்கரைக் கோபுரத்தைப் பார்க்கிறோம், பாலம் சுற்றிப் போக வேண்டும் என்றால், அங்கே நேர்கோட்டுத் தூரம் என்பது சரி. ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அது செல்லாது. உண்மையான நேர்கோடு பூமியைத் துளைத்துக்கொண்டு போகும். படிக்கிற பிள்ளையோ சுவரில் தொங்கும் உலக வரைபடத்தில் அளவுகோலை வைக்கும். 2021 ஜனவரியில் ஏர் இந்தியாவின் பெண் விமானிகள் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு வட துருவத்தின் மேலாகப் பறந்து வந்தார்கள். இரண்டு ஊருக்கும் இடையே பெருவட்டத் தொலைவு ஏறத்தாழ 14,000 கி.மீ. அளவுகோல் வைத்தவருக்கு அந்தத் துருவ வழி சுற்றுவழியாகத் தெரியும். பூகோள உருண்டையில் நூலை இழுத்துப் பிடித்தால், அதுதான் குறுக்குவழி என்று புரியும். தவறான சொல் இப்படித்தான் தவறான படத்தை மனதில் பதிக்கிறது.

'தூரம்' வடசொல், 'தொலைவு' என்றே எழுத வேண்டும் என்பவர்கள் உண்டு. நானும் தொலைவு என்றுதான் எழுதுவேன். ஆனால் 'பெருவட்டத் தூரம்' என்று எழுதினால் எனக்கு மறுப்பில்லை. பொருள் கெடக் கூடாது.

கணக்கும் எளிது. பூமியின் மையத்திலிருந்து பார்த்தால் திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் இடையே கோணம் சுமார் 26.8 பாகை. ஒரு பாகைக்கு 111.2 கி.மீ. பெருக்கினால் 2,980 கி.மீ. வரும்.

அப்புறம் நேரம். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் சிங்கப்பூரில் ஆள் இல்லாத தெரு குறைவு. சிங்கப்பூரில் காலை 10 மணிக்குத் திருச்சிக்குக் கிளம்பும் விமானம் நாலேகால் மணி நேரம் பறந்தால், திருச்சியில் மணி 11.45தான். இரண்டரை மணி நேரம் கடிகார வித்தியாசம். இதைப் பார்க்காமல் ஒன்றே முக்கால் மணி நேரத்தைப் 'பயண நேரம்' என்று தமிழில் போட்டுவிடுகிறார்கள். போதாததற்கு 'விமான நேரம்' என்று இன்னொன்று. அது புறப்படும் நேரமா, பறக்கும் நேரமா? பறக்கும் நேரத்துக்குப் பறப்பு நேரம். வீட்டு வாசலிலிருந்து வீட்டு வாசல் வரை ஆவது பயண நேரம். மொழிபெயர்ப்பவர் அனுப்பும் முன் ஒரு முறை வாய்விட்டுப் படித்தாலே இந்த இரண்டும் பிரிந்துவிடும்.