பள்ளத்தாக்கு அல்ல, கிண்ணக்குழி

நிலவின் தென்துருவத்தைப் பற்றிச் செய்தி வந்தாலே ‘ஷேக்கல்டன் பள்ளத்தாக்கு’ என்ற தொடரும் கூடவே வந்துவிடுகிறது. சந்திரயான் பயணங்களுக்குப் பிறகு இது இன்னும் அதிகமாகக் காதில் விழுகிறது. ஷேக்கல்டன் பள்ளத்தாக்கே அல்ல. சுமார் 21 கிலோமீட்டர் குறுக்களவில், சுற்றிலும் விளிம்பு உயர்ந்து நிற்கும் வட்டமான குழி அது. ஆங்கிலத்தில் ‘கிரேட்டர்’ என்பார்கள். தமிழில் ‘கிண்ணக்குழி’ என்ற நல்ல சொல் இருக்கிறது.

கிரேக்கத்தில் ‘கிராத்தேர்’ என்றால் திராட்சை மதுவையும் தண்ணீரையும் கலக்கும் பெரிய கிண்ணம். அந்தப் பெயர் எரிமலையின் வாய்க்கும் ஆகிவந்தது. ஷ்ரோட்டர் என்ற ஜெர்மன் வானியலாளர் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் நிலவின் குழிகளை இந்தச் சொல்லால் குறித்தார், அதுவே நிலைத்துவிட்டது. வேரிலும் கிண்ணம், வடிவத்திலும் கிண்ணம். தமிழ்ச்சொல் இரண்டையும் பிடித்திருக்கிறது.

சரி, பள்ளத்தாக்கு என்றால் என்ன? மலைகளுக்கு நடுவே நீண்டு கிடக்கும் தாழ்நிலம். ஒரு பக்கம் நுழைந்து இன்னொரு பக்கம் போகலாம். கிண்ணக்குழிக்கு அப்படி வழி கிடையாது, நாலாபுறமும் கரை. ‘பள்ளம்’ என்று மட்டும் எழுதினால் சாதாரணமாக இருக்கிறதே என்று அதை நீட்டிவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். நீட்டியதில் பொருளே மாறிவிட்டது.

இதைச் சின்ன விஷயம் என்று விட முடியாது, ஏனென்றால் நிலவில் உண்மையான பள்ளத்தாக்குகளும் இருக்கின்றன. ஆல்ப்ஸ் பள்ளத்தாக்கு ஒன்று. அரிஸ்டார்க்கஸ் கிண்ணக்குழிக்கு அருகே, எரிமலைக் குழம்பு ஓடி உண்டான ஷ்ரோட்டர் பள்ளத்தாக்கு இன்னொன்று. மேலே சொன்ன அதே ஷ்ரோட்டர்தான். அவர் பெயரில் வேறோர் இடத்தில் ஒரு கிண்ணக்குழியும் இருக்கிறது. இரண்டையும் ‘ஷ்ரோட்டர் பள்ளத்தாக்கு’ என்று எழுதினால் வாசகர் எதை எது என்று கண்டுகொள்வார்? நிலவின் மறுபக்கத்தில் ஷ்ரோடிங்கர் பெயரிலும் இப்படியே ஒரு குழியும் ஒரு பள்ளத்தாக்கும் உண்டு. குழி விழுந்தபோது தெறித்த பாறைகள் உழுத கோடுதான் அந்தப் பள்ளத்தாக்கு. காரணத்துக்கும் விளைவுக்கும் ஒரே பெயர் வைத்தால் நடந்த கதையையே சொல்ல முடியாமல் போகும். நம் சி. வி. ராமன் பெயரிலான கிண்ணக்குழி இருப்பதும் ஷ்ரோட்டர் பள்ளத்தாக்கின் வட்டாரத்தில்தான். அங்கே ‘ராமன் பள்ளத்தாக்கு’ என்று எழுதுகிறவர் வாசகரை வேறு நிலத்துக்கு அனுப்புகிறார்.

‘எரிமலை வாய்’ என்று எழுதுகிறவர்கள் தரப்பில் கொஞ்சம் நியாயம் உண்டு. நிலவின் குழிகள் எரிமலைகளால் வந்தவை என்று 20ஆம் நூற்றாண்டிலும் பல வானியலாளர்கள் நம்பினார்கள். இன்று அந்த வாதம் முடிந்துவிட்டது: அவற்றில் மிகப் பெரும்பாலானவை விண்கற்கள் மோதியதால் வந்தவை. வாய் என்பது எதையோ உமிழ்வது. இதுவோ அடி வாங்கிய இடம். பூமியின் எரிமலைகளுக்கு அந்தச் சொல் இருக்கட்டும்.

கிண்ணக்குழிக்கும் ஒரு மறுப்பு சொல்வார்கள். சிறிய குழிகள்தான் கிண்ணம் போல் இருக்கும், டைக்கோ போன்ற பெரியவற்றின் அடி தட்டையாகி நடுவில் சிகரம் எழுந்திருக்கும் என்பார்கள். உண்மைதான். ஆனாலும் 85 கிலோமீட்டர் அகலமுள்ள டைக்கோவுக்கும் உயர்ந்த வட்ட விளிம்பு இருக்கிறது. வெறும் ‘பள்ளம்’ சொல்லாததை, ‘குழி’ பாதி மட்டுமே சொல்வதை, ‘கிண்ணம்’ சொல்லிவிடுகிறது. தலைப்பில் இடமில்லை என்றால் ‘குழி’ போதும், குறையாகச் சொன்னாலும் தவறாகச் சொல்லாது. ‘கிரேட்டர்’ என்று அப்படியே எழுதுவதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். அந்நியச் சொல்தான், ஆனால் பொய் சொல்வதில்லை. தமிழ் போலத் தோன்றிக்கொண்டு தவறான பொருளைத் தருவது அதைவிடக் கெடுதல்.

அப்புறம் பெயர்கள். ‘டைக்கோ கண்டுபிடித்த பள்ளத்தாக்கு’ என்கிற மாதிரி மொழிபெயர்ப்பு ஒரே வரியில் இரண்டு பிழை செய்கிறது. ஒருவர் பெயரால் அழைக்கப்படுகிறது என்பதை அவர் கண்டுபிடித்தார் என்று ஆக்கக் கூடாது. டென்மார்க் வானியலாளர் டைக்கோ பிராகே 1601இல் இறந்தார். கலிலியோ நிலவைத் தொலைநோக்கியில் பார்த்தது 1609இல். டைக்கோ அந்தக் குழியைத் தொலைநோக்கியில் பார்த்ததே இல்லை. பெயர் வைத்தவர் ரிச்சோலி என்ற இயேசு சபைத் துறவி, 1651இல். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கோப்பர்நிக்கஸின் கொள்கையை மறுத்த அவர்தான், கோப்பர்நிக்கஸுக்கும் ஒரு பெரிய, பளிச்சென்ற கிண்ணக்குழியைக் கொடுத்தார். அவர் தொடங்கிய வழக்கத்தையே இன்று அனைத்துலக வானியல் ஒன்றியம் நடத்திவருகிறது. ஆரியபட்டா, ஹோமி பாபா, விக்ரம் சாராபாய், சிசிர் குமார் மித்ரா ஆகிய இந்திய அறிவியலாளர்களின் பெயர்கள் நிலவுக்குப் போனது அப்படித்தான். இவர்களில் யாரும் அந்தக் குழிகளைக் கண்டுபிடிக்கவில்லை. ஆகவே ‘சாராபாயின் கிண்ணக்குழி’ என்றுகூட வேண்டாம், ‘சாராபாய் கிண்ணக்குழி’ என்று எழுதினால் போதும்.