‘தனித்துவமான’ கோப்புப் பெயர்: ஒரு தவறான மொழிபெயர்ப்பு

ஸ்டுடியோ வைத்திருக்கும் நண்பர் ஒருவர் போன வாரம் அழைத்தார். பழைய கல்யாண ஆல்பங்களை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார். மென்பொருளின் அமைப்புகளில் “தனித்துவமான தொடர்ச்சியான கோப்புப் பெயர்களைத் தானாக உருவாக்கு” என்று ஒரு வரி இருந்ததாம். “இதை டிக் பண்ணினா நம்ம ஸ்டுடியோ பேரு வருமாண்ணே?” என்று கேட்டார். வந்தது ஸ்கேன்_0001, ஸ்கேன்_0002. அவர் எதிர்பார்த்ததில் தவறே இல்லை. தனித்துவமான பெயர் என்று தமிழில் எழுதினால் அப்படித்தான் பொருள் வரும். ஆங்கிலத்தின் ‘யுனீக் சீக்வென்ஷியல் ஃபைல் நேம்’ என்பதை இப்படித் தமிழில் எழுதியவர் மேல்தான் தவறு.

சொற்பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யுனீக் என்பது, ‘ஒன்று’ எனப் பொருள்படும் ஊனுஸ் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. சீக்வென்ஷியல், ‘பின்தொடர்தல்’ என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. ஃபைல் என்ற சொல்லுக்கு வேர் லத்தீனின் ‘நூல்’. தாள்களை நூலிலோ கம்பியிலோ கோத்து வைத்த வழக்கத்தில் பிறந்தது. நம் ‘கோப்பு’ம் கோத்தலிலிருந்து வந்ததுதான். அதை ஆக்கியவர் செயலைப் பார்த்துச் சொல் தேடியிருக்கிறார்.

‘தனித்துவம்’ அப்படி வந்ததல்ல. தமிழ்த் ‘தனி’யோடு மகத்துவம், சமத்துவம் ஆகியவற்றில் உள்ள வடமொழி ஈறு ஒட்டியிருக்கிறது. தனித்தன்மை என்ற நல்ல சொல் இருக்கும்போது இது எதற்கு என்ற வருத்தம் எனக்கு எப்போதும் உண்டு. ஆனால் இங்கே தனித்தன்மை என்று மாற்றினாலும் தவறு தவறுதான். ஒன்றின் இயல்பு மற்றவற்றிலிருந்து வேறுபட்டுத் தெரிந்தால் அது தனித்துவம். கோப்புப் பெயருக்குத் தேவை அந்த இயல்பு அல்ல. அதே பெயர் இன்னொன்றுக்கு இல்லாமலிருப்பது மட்டுமே. ஆஸ்பத்திரியில் 47ஆம் டோக்கன் கையில் இருக்கிறது. அந்த எண்ணில் தனித்துவம் என்ன இருக்கிறது? இன்று அது வேறு யாரிடமும் இல்லை, அவ்வளவுதான்.

டிஜிட்டல் கேமராவைப் பாருங்கள். கேமராக்கள் கோப்புகளைச் சேமிக்கும் முறைக்காக 1998இல் வந்த டிசிஎஃப் என்ற பொது விதிப்படி கோப்புப் பெயர் நான்கு எழுத்து, நான்கு இலக்கம். 0001 முதல் 9999 வரை ஓடும். முடிந்தால் வேறு கோப்புறையில் மறுபடி 0001. இரண்டு கோப்புறைகளையும் கணினியில் ஒரே இடத்தில் கொட்டினால் இரண்டு ஐஎம்ஜி_0001 முட்டிக்கொள்ளும். பழையதை அழித்து இதை வைக்கவா, இரண்டையும் வைத்துக்கொள்ளவா என்று விண்டோஸ் கேட்கும். இரண்டும் வேண்டுமென்றால் ஒன்றின் வாலில் (2) என்று சேர்க்கும். ஆக, இந்தக் குணம் பெயருக்குள் இல்லை, அது இருக்கும் கோப்புறையைப் பொறுத்தது. ஒருவர் தெரு மாறினால் அவருடைய தனித்துவம் போய்விடுமா?

‘தனிப்பட்ட கோப்புப் பெயர்’ என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். தனிப்பட்ட என்றால் அந்தரங்கமானது, சொந்தமானது. யாரோ பூட்டி வைத்த கோப்பு போலிருக்கிறது. வேரைப் பார்த்து ‘ஒரே பெயர்’ என்று போட்டால் அதைவிட மோசம். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் என்று நேர் எதிராகிவிடும்.

என் பரிந்துரை ‘மோதாப் பெயர்’. வாடா மலர், ஓயா அலை என்று சொல்லும் மொழிக்கு இது புதிதல்ல. நிரல் எழுதுகிறவர்களும் இரண்டு பெயர் ஒன்றாக வந்தால் பெயர் மோதல் என்றுதானே சொல்கிறார்கள்.

அடுத்து, ‘தொடர்ச்சியான’. இடைவெளி இல்லாமல் நீள்வது தொடர்ச்சி. தொடர்ச்சியான மழை என்கிறோம். 3ஆம் கோப்பை அழித்துவிட்டால் 1, 2, 4 என்று நிற்கும். தொடர்ச்சி அறுந்தது, வரிசை கெடவில்லை. மென்பொருள் காப்பதும் வரிசையைத்தான். 2க்கு முன்னால் 10 வந்து நிற்காதிருக்கவே 0002, 0010 என்று முன்னால் சுழியம் போடுகிறார்கள். ‘வ.எண்’ என்று நம் படிவங்களில் காலங்காலமாக இருப்பதை எடுத்துக்கொள்ள என்ன தயக்கம்? இலங்கையில் எண் இருக்குமிடத்தில் இலக்கம் என்பார்கள், அதுவும் அழகுதான்.

மொழிபெயர்ப்பாளர்களுக்குத் திரையைக் காட்டாமல் அட்டவணையில் வெறும் வரிகளைத் தருகிறார்கள் என்பது தெரியும். அந்தச் சிரமம் உண்மை. ஆனாலும் அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போகிறவர், இந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கும் என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் இரண்டு ‘ஆன’க்களும் வந்திருக்காது. நண்பருக்கு நான் எழுதி அனுப்பிய வரி இது: “கோப்புகளுக்குப் பெயர் மோதாமல் வரிசை எண் தானாக இடு.” படித்துவிட்டு, “நம்பர் போடுறதுதானா? சரிண்ணே, அப்ப ஸ்டுடியோ பேரை நானே முன்னாடி சேத்துக்கிறேன்” என்றார்.